முதல் தண்ணீரும் மீன் குஞ்சும்

மேட்டூர் அணையின் மதகுகள் திறக்கப்படும் நாள் தஞ்சைத் தரணிக்கு ஒரு திருநாள். ஜூன் 12 என்பது வழக்கமான தேதி. அணையின் நீரிருப்பைப் பொறுத்து அது முன்பின்னாவதும் உண்டு. 2022இல் மே 24ஆம் நாளே திறந்தார்கள். 2024இல் ஜூலை மாத இறுதிவரை காத்திருக்க நேர்ந்தது. திறந்த நீர் சில நாள்களில் முக்கொம்பைக் கடந்து கல்லணையை எட்டும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனக் கிளைத்து, கிளைக்குள் கிளையாய்ப் பிரிந்து, கடைமடை வரை செல்லும். பெரியவர்கள் நெல்லும் பூவும் தூவி அதனை வரவேற்பார்கள். சிறுவர்களோ வாய்க்காலில் முன்னேறி வரும் நீரின் நுரையோடு போட்டியிட்டுக் கரையில் ஓடுவார்கள்.

அந்த நுரையில் வருவது என்ன என்பதைப்பற்றி இம்மாதம் நம் குடும்பங்களோடு சற்றுப் பேச விரும்புகிறோம்.

அணையிலிருந்து பாசனத்துக்கு நீர் விடுவது வழக்கமாக ஜனவரி 28ஆம் நாளோடு நிற்கும். அதன்பின் நாலரை மாதம் ஆறு மணலாய்க் கிடக்கும். ஆனால் ஊர்களின் சாக்கடைகளுக்கு விடுமுறை இல்லை. நகரங்களின் கழிவும், பட்டறைகளின் கழிவும், சாலையில் கழுவி விடப்படும் எண்ணெயும் தூசும் ஆற்றிலும் வாய்க்காலிலும் வந்து விழுந்து, குட்டைகளாய்த் தேங்கி, வெயிலில் வற்றி, சேற்றோடு சேறாய்ப் படிந்துவிடும். இலையும் சாணமும் மட்கிப் போகும். செம்பும் காரீயமும் துத்தநாகமும் காட்மியமும் குரோமியமும் மட்குவதில்லை. இவற்றைத்தான் கன உலோகங்கள் என்று வேதியியலார் ஒரு குடும்பமாகச் சேர்த்துக் கூறுகின்றனர். நான்கு மாதச் சேமிப்பையெல்லாம் முதல் தண்ணீர் ஒரே மூச்சில் கிளறி எடுத்துக்கொண்டு வருகிறது.

இதே நாள்களில்தான் மீன்களும் பெருகத் தொடங்குகின்றன. புதுவெள்ளம் கண்ட கெண்டைகள் நீரை எதிர்த்து ஏறி முட்டையிடும். விராலும் கெளுத்தியும் குரவையும் வாய்க்கால் வழியே வயலுக்குள் புகுந்து, புல்மறைவில் குஞ்சு பொரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இஃது இன்னொரு முறை நடைபெறும். குளம் உடையவர்கள் குளத்தை நிரப்பிக் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுவதும் நீர் வந்தபின்னரே. ஆகவே, ஆண்டிலேயே அழுக்கு மிகுந்த தண்ணீரும், ஆண்டிலேயே இளமை மிகுந்த உயிர்களும் ஒரே வாய்க்காலில் ஒரே வாரத்தில் சந்திக்கின்றன. பெரிய மீன்கள் இச்சந்திப்பைத் தாண்டிவிடக்கூடும். குஞ்சுகள் தாண்டுவது அரிது.

“சாமி, வாய்க்காலில் கை நீள விரால் துள்ளுகிறது. விஷம் இருந்தால் அது துள்ளுமா?” என்று பங்குப் பெரியவர் ஒருவர் நம்மிடம் வாதிட்டதுண்டு. நியாயமான கேள்வியே. ஆனால் விரால் ஒரு வகையில் ஏமாற்றும் சாட்சி. அது நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றைக் குடித்து உயிர் வாழ்வது; தலைக்குள் அதற்கென ஓர் அறை உண்டு. பனையேறிக் கெண்டையும் அத்தகையதே. நம் தரங்கம்பாடியில் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த அம்மீனைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்னும் அதிகாரி எழுதிய செய்தி, இலண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1797இல் அச்சாயிற்று; அது மெய்யாகவே ஏறிற்றா என்று அறிஞர்கள் பிற்பாடு நெடுநாள் சண்டையிட்டார்கள் என்பது தனிக்கதை. நம் வாதத்துக்கு வேண்டியது இதுவே: காற்றைக் குடிக்கும் உறுப்பு பிறவியிலேயே வந்துவிடுவதன்று. விரால் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காத்து மேய்ப்பதை நம் பிள்ளைகள் எல்லாரும் கண்டிருப்பார்கள். மேலே காவல் நிற்கும் தாய்க்கும் தந்தைக்கும் காற்று உண்டு. கீழே மொய்க்கும் குஞ்சுகளுக்கோ, முதற் சில வாரங்களுக்கு அந்த நீரைத் தவிர வேறு கதி இல்லை.

கட்டுச்சோறு தீரும் நாள்

ரோகு, கட்லா போன்ற பெருங்கெண்டைகளின் முட்டை நம் வெப்பத்தில் ஏறத்தாழ பதினாறு, பதினெட்டு மணி நேரத்தில் பொரிந்துவிடும். வெளிவரும் குஞ்சு ஓர் அரிசி மணியின் நீளம் இருக்கும். அதற்கு வாய் திறந்திராது. வயிற்றோடு ஒட்டிய ஒரு பையில் தாய் கட்டிக் கொடுத்த கரு உணவு இருக்கும். பயணத்துக்கு எடுத்துச் செல்லும் கட்டுச்சோற்றைப் போல, மூன்று நாளைக்கு அதுவே ஆகாரம். முட்டைக்குள் இருந்தவரை மேல்தோல் உலோகங்களில் ஒரு பகுதியைத் தன்மேல் பிடித்துக்கொண்டு உள்ளிருந்த உயிரைக் காத்தது. பொரித்தபின் அந்தக் காவல் இல்லை. கட்டுச்சோறு தீர்ந்து, வாய் திறந்து, செவுள் வேலை செய்யத் தொடங்கி, தானே இரை தேடும் அந்த நாள்களே மீனின் வாழ்வில் மிக நொய்ந்த காலம்.

அமெரிக்காவில் சாப்மன் என்பவர் செய்து 1978இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. சால்மன் இனக் குஞ்சுகளை நான்கு வயதுப் படிகளில் சோதித்தார். காட்மியத்தையும் துத்தநாகத்தையும், அப்போதுதான் பொரித்த குஞ்சுகள் ஓரளவு தாங்கின. நீந்தி இரை தேடத் தொடங்கியவை தாங்கவில்லை. செம்பு எல்லாப் பருவத்தையும் கொன்றது. லிட்டர் நீரில் ஏறத்தாழ 0.02 முதல் 0.04 மில்லிகிராம் செம்பு, நான்கு நாளில் குஞ்சுகளில் பாதியைக் கொல்லப் போதுமானதாயிருந்தது. அவை மென்னீரில் வாழும் குளிர்நாட்டு மீன்கள்; நம் கெண்டைகள் அவற்றைவிடத் தாங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உலோகம் குஞ்சை எவ்வாறு கொல்கிறது? நன்னீர் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, சூழ்ந்துள்ள நீரில் இல்லை. ஆகவே உடலிலுள்ள உப்பு ஓயாமல் வெளியே கசிந்துகொண்டிருக்கும். கசிந்ததை ஈடுகட்ட, செவுளிலுள்ள சில நுண்ணறைகள் நீரிலிருந்து சோடியத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் இரவு பகலாய் இறைத்துக்கொண்டேயிருக்க வேண்டும். ஏற்றம் இறைப்பதை நிறுத்தினால் பயிர் வாடுவது போன்றதே இது. செம்பு சோடியம் இறைக்கும் ஏற்றத்தை நிறுத்திவிடுகிறது. காட்மியமும் காரீயமும் துத்தநாகமும் சுண்ணாம்புச் சத்தைப் போல வேடமிட்டு, அது நுழையும் வாசல் வழியே தாம் நுழைகின்றன. பெரிய மீனுக்கு உடம்பில் இருப்பு உண்டு. ஈரலில் உலோகத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு புரதமும் போதிய அளவு சுரக்கும். அரிசி மணி அளவுக் குஞ்சுக்கு இருப்பு ஏது? எடையோடு ஒப்பிட்டால் அதன் மேனிப்பரப்போ மிகப் பெரிது. முதல் நாள்களில் உப்பு இறைக்கும் நுண்ணறைகள் அதன் தோலெங்கும் இருக்கின்றன. உடம்பு முழுவதுமே செவுள் என்று சொல்லிவிடலாம்.

சாகாமல் தப்பியவை நலமாயிருக்கின்றன என்று எண்ணிவிட வேண்டாம். கெண்டைக் குடும்பத்து மீன் ஒன்று கடிபட்டால் அதன் தோலிலிருந்து ஒரு வாடை நீரில் பரவும். அதனை முகர்ந்த மற்றவை உடனே ஒளிந்துகொள்ளும். இந்த அபாய வாடையை 1938இல் கார்ல் ஃபான் ஃப்ரிஷ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் கண்டுரைத்தார். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவரும் அவரே. செம்பு மீனின் மூக்கைக் கெடுத்துவிடுகிறது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் வரையிலான செம்பு கலந்த நீரில் மூன்று மணி நேரம் இருந்த சால்மன் குஞ்சுகள், அபாய வாடை வந்தபோதும் அஞ்சி அசைவற்று நிற்கத் தவறின. அத்தகைய குஞ்சு நம் வாய்க்காலில் இருந்தால் அது விஷத்தால் சாவதில்லை. விராலின் வாயிலோ கொக்கின் வாயிலோ போகும். கரையில் பிணம் ஒதுங்காது. எவரும் புகார் எழுதவும் மாட்டார்கள்.

செம்புக் குடத்து நீர்

செம்புக் குடத்தில் இராத்தங்கிய நீர் நல்லது என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். முரண் இல்லை. மனித உடலுக்குச் சிறிதளவு செம்பு தேவை. மிஞ்சியதை ஈரல் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடும். நாம் நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் நீரைக் குடிக்கிறோம். மீனோ நாள் முழுவதும் அதை மூச்சாக இழுக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012இல் வகுத்த குடிநீர்த் தரத்தில், வேறு நீர் கிடையாதவிடத்து லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்று இடம் கொடுத்துள்ளது. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனம் நீர்வாழ் உயிர்களின் பொருட்டு முன்னர் வகுத்திருந்த அளவோ, நடுத்தரக் கடினமுள்ள நீரில், நீண்ட காலத்துக்கு ஏறத்தாழ 0.009 மில்லிகிராம். நூற்றைம்பது மடங்குக்கு மேல் வேறுபாடு! துத்தநாகத்திலும் இவ்வாறே: நமக்கு 5 மில்லிகிராம் வரை பாதகமில்லை, மீனுக்கு 0.12 மில்லிகிராமே எல்லை. குடிக்கத் தகுந்த நீர் என்று சான்றிதழ் பெற்ற தண்ணீரில் மீன் குஞ்சு வாழ முடியாமற் போகலாம் என்பது கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும் உண்மை.

சட்டம் இதற்கு என்ன செய்திருக்கிறது? 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரப்படி, ஆற்றில் விடப்படும் ஆலைக் கழிவு லிட்டருக்கு 3 மில்லிகிராம் செம்பும், 5 மில்லிகிராம் துத்தநாகமும், 2 மில்லிகிராம் காட்மியமும், 0.1 மில்லிகிராம் காரீயமும் கொண்டிருக்கலாம். ஆற்றில் போய்க் கலந்தால் நீர்த்துவிடும் என்னும் நம்பிக்கையில் வகுத்த அளவுகள் இவை. கங்கைக்கு இந்த நம்பிக்கை ஓரளவு பொருந்தலாம். மாசி முதல் வைகாசி வரை மணலாய்க் கிடக்கும் காவிரியில் எதனோடு கலப்பது? எதில் நீர்த்துப் போவது? நம் ஆற்றின் நாட்குறிப்பை அறியாதவர்கள் எழுதிய கணக்கு என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதே விதிகளில் நல்லதொரு பிரிவும் உண்டு. கழிவுநீரைச் சிறிதும் நீர்க்கச் செய்யாமல் அதில் மீனை விட வேண்டும்; 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் உயிரோடிருக்க வேண்டும். மீனையே சாட்சிக் கூண்டில் ஏற்றிய விதி இது, பாராட்டத்தக்கது. ஆயினும் சாட்சியிடம் கேட்கும் கேள்வி நான்கு நாளோடு முடிந்துவிடுகிறது. பிழைத்த மீன் முட்டையிடுமா, முட்டை பொரியுமா, பொரித்த குஞ்சு பகையை முகர்ந்தறியுமா என்பன எவராலும் கேட்கப்படுவதில்லை.

மேலேயிருந்து வருவனவற்றையும் நாம் அறிந்திருப்பது நன்று. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் பாசனத்துக்கென அணை ஒன்று கட்டினார்கள். உழவர்களுக்கு வாய்த்ததோ சாயக் கழிவுத் தேக்கம். கழிவை அறவே வெளிவிடக்கூடாது என்ற ஆணைக்குக் கட்டுப்படாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அங்கு முதன்மையான கேடு உப்பு. உலோகங்கள் அதனோடு கூட வந்தவை. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட முடிவுகள், காவிரியில் மருந்துப் பொருள்களோடு ஆர்செனிக், துத்தநாகம், குரோமியம், காரீயம், நிக்கல் ஆகியனவும் கலந்திருப்பதைக் கூறின. மறு ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார், கிருஷ்ணராஜ சாகர் அணையையொட்டி எடுத்த நீரில் வரிமீன் என்னும் சிறு கெண்டை இனத்தின் கருக்களை வளர்த்துப் பார்த்தனர். ஓடும் நீரில் குறை காணவில்லை. மெதுவாய் நகரும் நீரிலும் தேங்கிய நீரிலும் வளர்ந்தவை எலும்பு கோணி, இதயம் பழுதுபட்டுப் பிறந்தன. அவர்கள் குற்றம் சாட்டியது உலோகத்தை அன்று, நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களையும் ஒரு வேதிப்பொருளையும். எனினும் குஞ்சைச் சாட்சியாக நிறுத்தினால் தேங்கிய நீர் எப்படிப் பேசும் என்பதற்கு, காவிரியிலேயே கிடைத்த சான்று அது.

“மீன் குஞ்சுக்காக இவ்வளவு கவலையா?” என்று சிலர் நகைக்கலாம். ஜப்பானில் மினமாட்டா என்னும் மீனவர் ஊரில் ஓர் ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மனித நோய் என்று அது அறிவிக்கப்பட்டது 1956இல். அதற்கு முன்னரே மீன்கள் மிதந்தன. மீன் தின்ற பூனைகள் வெறிகொண்டு ஆடிச் செத்தன. நெஞ்சை உருக்கியது அதற்கு அடுத்தது: நோய்க்குறி சிறிதும் தெரியாத, அல்லது இலேசாகவே தெரிந்த தாய்மார்கள், கை கால் முடங்கிய குழந்தைகளைப் பெற்றார்கள். நஞ்சு கருவைத் தீண்டாதவாறு நச்சுக்கொடி காத்துவிடும் என்று அதுவரை மருத்துவர்கள் நம்பியிருந்தனர். தாய் உண்ட பாதரசம் பிள்ளையைப் போய்ச் சேர்ந்திருந்தது. அதே நாட்டில் ஜின்சு ஆற்றங்கரையில், சுரங்கக் கழிவின் காட்மியம் பாசன நீர் வழியே நெல்லில் ஏறியது. பிள்ளை பல பெற்ற நடுவயதுப் பெண்களின் எலும்புகள் தொட்டால் முறியும் நிலைக்கு ஆளாயின. அரசு அதன் காரணத்தை ஒப்புக்கொண்டது 1968இல். ஆற்றுநீரில் நெல் விளைத்து உண்ணும் நாம் இதை மறப்பதற்கில்லை.

இதைப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை மீன்குழம்பை எவரும் நிறுத்திவிட வேண்டாம்! கருவுற்ற தாய்மார் சுறா போன்ற பெரிய கடல்மீன்களைக் குறைத்து, மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களையும் குளத்துக் கெண்டையையும் உண்டால் நன்மையே. பாதரசம் பெரிய மீனைத் தின்னும் மீனில்தான் மிகுதியாகச் சேரும்.

ஆலைகளைக் குறித்துப் பேசுவது எளிது. நம் தெருவில் நடப்பதையும் பார்க்க வேண்டும். வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் மயில்துத்தக் கலவை தெளிப்பவர்கள், தெளிப்பானை வாய்க்காலில் கழுவுகிறார்கள். மயில்துத்தம் என்பது செம்பின் உப்பு. மென்மையான குஞ்சுகளுக்கு அதைவிடக் கொடியது சிலவே. நெல்லுக்கு ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட் இடச் சொல்வது சரியான பரிந்துரை. மண் அதைப் பற்றிக்கொள்ளும். ஆனால் மூட்டையை வாய்க்காலில் உதறுவதற்குப் பரிந்துரை கிடையாது. பழைய பேட்டரியை உடைத்துக் காரீயம் எடுப்பவர்கள் அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றுகின்றனர். உடைந்த பாதரச வெப்பமானி குப்பையோடு கரைக்கு வருகிறது. வீட்டு வண்ணப்பூச்சில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எனினும் பழைய பூச்சு இன்னும் நம் கதவுகளிலும் சப்பரங்களிலும் இருக்கிறது. பிற சமயத்தார் சிலைகளைக் கரைப்பதைப்பற்றிக் குறை சொல்லுமுன், திருவிழாவுக்கு முன் நம் சப்பரத்தைச் சுரண்டிய தூள் எங்கே கொட்டப்படுகிறது என்று பங்கு இளைஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

குளத்தில் மீன் வளர்ப்போருக்கு ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். வாய்க்காலில் வரும் முதல் தண்ணீரைக் குளத்துக்கு வாங்காமல் சில நாள் ஓடவிடுங்கள். கலங்கல் தெளிந்தபின் மதகைத் திறங்கள். குஞ்சு விடுமுன் குளத்துக்குச் சுண்ணாம்பு இடுவது மீன்வளத் துறையினர் வழக்கமாகச் சொல்வது. அதில் இன்னொரு பயனும் உண்டு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் உலோகங்கள் செவுளை எளிதில் பற்றுவதில்லை, கரைந்திருப்பவற்றில் ஒரு பகுதி அடியில் படிந்தும் விடும். ஆயிரம் குஞ்சுகளை ஒரே நேரத்தில் கொட்டிவிடாமல், இருபது முப்பதைச் சிறுகண் வலைத்தொட்டிலில் குளத்திலேயே ஒருநாள் கட்டி வைத்துப் பாருங்கள். அவை துவண்டால் மற்றவை தப்பும். நட்டமும் சில ரூபாயோடு போகும்.

ஒவ்வொரு மாதமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுகிறது. தண்ணீர் வந்ததா, வரவில்லையா, உரம் கிடைக்கிறதா என்பவையே அங்கு பெரும்பாலும் பேசப்படுகின்றன. அணை திறந்து முதல் நீர் வந்த வாரத்தில், கல்லணையில் ஒருமுறையும் கடைமடை வாய்க்கால்களில் ஒருமுறையும் நீரையும் சேற்றையும் எடுத்துச் செம்பு, துத்தநாகம், காரீயம், காட்மியம், குரோமியம் ஆகிய ஐந்துக்கும் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டும்படி ஒரு மனு எழுதலாம். பங்கின் விவசாயிகள் இரண்டொருவர் சேர்ந்து வந்தால், அம்மனுவை எழுதித் தர நாம் ஆயத்தமாயிருக்கிறோம். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அறைவீட்டில் இருப்போம்.